சாய்கோடு, சுழியம், 31350

பக்கத்து வீட்டு அக்கா மகனுக்குக் கல்வி உதவி விண்ணப்பம். பெயரை ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடியே எழுத வேண்டும் என்று பக்கத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்படியே அடித்தோம். 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் வந்தது. எது என்று சொல்லவில்லை. 'ஏ/எல்' நடுவில் நிற்கும் சாய்கோடுதான். "நான் என்ன தம்பி செய்யிறது, பேர மாத்திக்கிட்டு வரவா?" என்றார் அக்கா.

*

இன்னாரின் மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி என்று சாய்கோடு போட்டுத் தருவது மலேசிய அரசாங்கப் பதிவேடு. தோட்டக் காலத்துப் பத்திரங்களில் எஸ்/ஓ, டி/ஓ. சாய்கோட்டை ஏற்காத பாரத்தை எழுதியவர் இந்த நாட்டில்தான் படித்திருப்பார், வகுப்பில் பக்கத்திலேயே ஒரு ஏ/எல் உட்கார்ந்திருப்பான். தரவுத்தளம் உடையும் என்று பயந்தால், பயப்பட வேண்டியது ஒற்றை மேற்கோளுக்கு. அயர்லாந்து ஓ'பிரையன்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். அதற்கும் வந்த எழுத்தைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியே அனுப்பினால் போதும். தடை போடுவது சோம்பேறித்தனம்.

கோட்டை எடுத்தால் ஓரிடத்தில் 'ஏஎல்', இன்னோரிடத்தில் 'ஏ எல்'. பிறகு வங்கிக் கணக்குப் பெயர் ஒத்துப்போகவில்லை என்று கடிதம் வரும்.

*

எக்செலில் ஐசி எண் பட்டியல். 2005இல் பிறந்த பிள்ளைக்கு 05 என்று தொடங்கும். எண் என்று நினைத்து முன் சுழியத்தை விழுங்கிவிடும். 12 இலக்கம் 11 ஆகும். 2000 மார்ச்சில் பிறந்தவனுக்கு மூன்று சுழியம் போய் 9 இலக்கம்தான் மிஞ்சும். ஐசி எண்ணைக் கூட்டிக் கழிக்கப்போவது யார்? அதை எழுத்தாக வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2020இல் பழைய எக்செல் கோப்பின் 65,536 வரி எல்லையில் முட்டி, 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பெரிய நாட்டிலும் இதே கூத்துதான்.

*

நம் சுகாதார அமைச்சை இதில் பாராட்ட வேண்டும். அறிக்கையும் படமுமாக வந்துகொண்டிருந்த கோவிட் எண்களை 2021 ஜூலையில் கிட்ஹப்பில் சிஎஸ்வியாகப் போட்டார்கள். வரிக்கு ஒரு நாள், ஒரு மாநிலம்; தேதி ஆண்டு-மாதம்-நாள் என்று ஒரே ஒழுங்கில். பேராக் மாநிலத்தை மட்டும் பிரித்தெடுக்க ஒரு நிமிடம் ஆகாது. இதைப் பார்த்த பிறகும் அட்டவணையை ஸ்கேன் செய்து, கோணலாக, பிடிஎஃப்பில் ஏற்றுகிறவர்களை என்ன சொல்ல?

*

அரசாங்கத்தின் மையத் தரவுத்தளமான 'பாடு' 2024 ஜனவரி 2இல் தொடங்கியது. ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் இருந்தால் இன்னொருவர் பெயரில் பதிந்துவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் உடனே காட்டினார். பிறகு சரிசெய்தார்கள். எங்கள் குனோங் ராபாட்டில் அஞ்சல் குறியீடு ஊருக்கே தெரிந்த 31350. ஐசி நகலோ, எத்தனை கவுண்டரில் கொடுத்திருக்கிறோம் என்று நமக்கே நினைவில்லை.

*

உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் நிரல் எழுதப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: பாரத்தை வெளியே விடுமுன் சாய்கோடு உள்ள ஒரு நீளப் பெயரையும் 00இல் தொடங்கும் ஓர் ஐசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஏற்கவில்லையென்றால் வெளியே விடாதீர்கள்.