மட்கார்டை வெட்டுவதற்கு முன்

வாப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் 1000 இன்னும் எங்கட வீட்டு வாகனம். உம்மாவை மாதாமாதம் கிளினிக்குக் கூட்டிப்போவதும் அதில்தான். சில மாதங்களாக, பின் சீற்றில் ஆள் இருக்கும்போது குழியில் இறங்கினால் இடது பின் டயர் மட்கார்டில் உரசும். ரப்பர் மணமும் வரும். நிறுத்திப் பார்த்தால் வலது டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் 38 மில்லிமீற்றர், இடப்பக்கம் 22.

காட்டிய கராஜில், "டீச்சர், மட்கார்ட் விளிம்ப கொஞ்சம் வெட்டிவிட்டா சரி, அரை மணித்தியால வேலை" என்றார்கள். உரசல் நிற்கும்தான். ஆனால் இடைவெளி ஏன் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்தால் விடையை அழித்துத் திருத்தாதே, எந்தப் படியில் வழுகியது என்று தேடு என்றுதான் ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். காருக்கும் அதையே செய்தேன். மொரிஸ் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலாவது, சமதரை. நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, பின் டயர் இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள்.

இரண்டாவது, பின் சில்லுகளை இடம் வலமாக மாற்றிப் பூட்டுங்கள். குறைவு சில்லோடு மறுபக்கம் போனால் குற்றம் ரிம்மில் அல்லது டயரில். எனக்குப் போகவில்லை.

மூன்றாவது, டயரின் உட்பக்கத்துக்கும் பொடியின் உட்சுவருக்கும் உள்ள இடைவெளி. இதுதான் முக்கியம். மொரிஸின் பின் மட்கார்ட் போல்ட் போட்டுப் பூட்டுவது. உள் இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருந்து வெளியே மட்டும் குறைந்தால், மட்கார்டே உள்ளே தள்ளிப் பூட்டப்பட்டிருக்கிறது. எனக்கு உள்ளே இடப்பக்கம் 16 மில்லிமீற்றர் கூட இருந்தது. வெளியே எவ்வளவு குறைவோ உள்ளே அவ்வளவு கூட. அப்படியென்றால் அச்சு முழுவதும் 8 மில்லிமீற்றர் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது.

நான்காவது, முன் சில்லின் மையத்திலிருந்து பின் சில்லின் மையத்துக்குள்ள தூரம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, தூக்குநூல் விட்டுத் தரையில் சோக்கால் குறித்து அளக்கலாம். இந்தக் காருக்கு அது 86 அங்குலம். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் அரை அங்குலம் குறைவு. அச்சு பக்கவாட்டில் மட்டுமல்ல, இடப்பக்கத்தில் முன்னுக்கும் போயிருந்தது.

இந்தக் காரின் பின் அச்சைப் பிடித்திருப்பது இரண்டு பக்கத்துப் பட்டை ஸ்ப்ரிங்குகள் மட்டும்தான். சில்லு காரைத் தள்ளும் விசையும் பிரேக் பிடிக்கும் விசையும் ஸ்ப்ரிங்கின் முன் முனை பூட்டியிருக்கும் இடத்துக்குத்தான் போகும். மொரிஸுக்குத் தனிச் சட்டகம் இல்லை. அந்த இடமும் பொடியின் தகடுதான். துருப்பிடிப்பதற்குப் பேர்போன இடம்.

எங்கட ஊர் வெல்டிங் பாஸ் காரின் கீழே படுத்து, இடது முன் முனைக்கு மேலே பூசியிருந்த தாரைச் சுரண்டினார். ஸ்குரூ டிரைவர் தகட்டுக்குள்ளே இறங்கியது. மேலே தார், உள்ளே துரு. மட்கார்டை வெட்டியிருந்தால் உரசல் நின்றிருக்கும். அந்தத் தகடு ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது கிழிந்திருக்கும். அதற்கு நேர் மேலேதான் உம்மா இருப்பா.

துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து, வலப்பக்க அளவைப் பார்த்து ஒட்டினார். இரண்டு ஸ்ப்ரிங்குக்கும் புது ரப்பர் புஷ். புஷ் போல்ட்டைக் கார் ஜாக்கில் தொங்கும்போது இறுக்க வேண்டாம். சில்லு தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

இப்போது வலப்பக்கம் 31, இடப்பக்கம் 29. அந்தக் காலத்துக் கார்களில் இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பெரிய விஷயமில்லை. காரின் சேர்விஸ் கொப்பியில் இந்த அளவுகளை எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கட காரை இன்றைக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அதே அளவு வராவிட்டால், அதைத் தாருக்கு மேலே தேடாதீர்கள்.