தவளைக் கை

இன்று காலை பால்கனித் தொட்டியில் மொமிஜி என்ற ஜப்பானிய மேப்பிள் முழுசாகச் சிவந்துவிட்டது. டோக்கியோவில் நவம்பர் கடைசி. நாலு வருஷமாக வளர்க்கிறேன், இப்படி ஒரு சிவப்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

போன வருஷம் ஆகஸ்டில் இதைப் பறிகொடுக்க இருந்தேன். மேற்கு வெயிலில் வைத்துவிட்டேன். இலை நுனியெல்லாம் காய்ந்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. தண்ணீர் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றினேன். அதுவும் தப்பு. வேருக்கு ஈரம் வேண்டும், ஊறிக் கிடக்கக் கூடாது. இந்த வருஷம் காலை வெயில் மட்டும் படும் மூலைக்கு மாற்றினேன். தண்ணீர் தேங்காத அகதமா என்ற மண், மேலே கொஞ்சம் பாசி. அவ்வளவுதான்.

இரவுக் குளிர் ஏற ஏறப் பச்சையம் சிதைகிறது. இலையில் தங்கிய சர்க்கரையின் துணையோடு ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி ஊறுகிறது.

மேப்பிளுக்கு ஜப்பானியர் சொல்லும் 'கயேதே' என்ற பெயர், தவளைக் கை என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. உதிர்ந்த இலை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஏழு விரல். நடுவிரல்தான் நீளம். காம்புகூடச் சிவப்பு.

இலை கொட்டியதும் டிசம்பருக்குள் கவாத்து செய்ய வேண்டும். அப்புறம் வெட்டினால் சாறு வடியும். எந்தக் கிளையை எடுப்பது என்று தினமும் நின்று பார்க்கிறேன். மனசு வரமாட்டேன் என்கிறது.