எட்டாம் வகுப்போடு நின்றவரும் எமது பழைய மாணவர்தான்



எமது பாடசாலையின் பழைய மாணவர் இணையத்தளத்தை யார் நடத்துகிறார்கள், எதற்காக நடத்துகிறார்கள், காசு யார் தருகிறார்கள் என்று பலரும் கேட்கிறீர்கள். சந்தையில் கேட்கிறீர்கள், பள்ளிவாசல் வாசலில் கேட்கிறீர்கள், கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதும் கேட்கிறீர்கள். ஒரே தடவையில் சொல்லிவிடுவோம் என்றுதான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள். மூவரும் இதே பாடசாலையில் படித்து இதே பாடசாலையில் கற்பிப்பவர்கள். இதற்காக எவரிடமும் ஒரு ரூபா சம்பளம் வாங்குவதில்லை. தவணை நடக்கும்போது நேரம் கிடைக்காது. முஸ்லிம் பாடசாலைகளுக்குக் கிடைக்கும் நோன்பு விடுமுறையில்தான் பெரும்பகுதி வேலை நடக்கிறது. தராவீஹ் முடிந்து உட்கார்ந்தால் ஸஹர் வரை போகும்.

செலவு என்பது தளத்தின் பெயருக்கும் அது தங்கியிருக்கும் இடத்துக்கும் வருடாவருடம் கட்டும் பணம்தான். அது டொலரில் கட்ட வேண்டியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போனது உங்களுக்கு ஞாபகமிருக்கும். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோல் வரிசையிலும் கேஸ் வரிசையிலும் நின்றுகொண்டு இணையத்தளத்துக்குக் காசு சேர்க்க எங்களுக்கு வாய் வரவில்லை. மூடிவிடுவோம் என்றே பேசினோம். கத்தாரில் இருக்கும் எங்கள் மாணவர் ஒருவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "சேர், இத நான் பாத்துக்கிறன்" என்று தன் அட்டையில் கட்டினார். இன்றுவரை அவர்தான் கட்டுகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வேலை என்ன என்று கேட்டால், பெரும்பாலும் தட்டச்சுத்தான். பழைய ஆண்டு மலர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால் பாதி எழுத்து இடம் மாறி வரும். ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டும். அடுத்தது பெயர்கள். ஒரே ஆளை ஒரு இடத்தில் முகம்மது என்றும், இன்னொரு இடத்தில் முஹம்மது என்றும், மற்றோர் இடத்தில் மொஹமட் என்றும் எழுதியிருப்பார்கள். தலைப்பெழுத்து மூன்றும் ஒன்றாக உள்ளவர்கள் ஒரே வகுப்பில் நான்கு பேர். யார் எவர் என்று பிரிக்க வாப்பாவின் பெயரையும் வளவையும் விசாரிக்க வேண்டிவரும்.

பெண்களின் புகைப்படங்கள் விடயத்தில் ஆரம்பத்திலேயே ஒரு முடிவெடுத்தோம். பழைய வகுப்புப் படமாக இருந்தாலும், அதில் உள்ள சகோதரிகள் சம்மதித்தால் மட்டுமே போடுவது. ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவது. தொலைபேசி இலக்கமும் அப்படியே. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சிலர் எங்களிடம், "ஒங்களுக்கு முன்னமே தெரிஞ்சிரிக்கி" என்றார்கள். எங்களுக்குச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. எங்கள் ராத்தா தங்கச்சிமாரை நினைத்துத்தான் செய்தோம்.

ஆனால் எங்களுக்குத் தெரியாமல் ஒரு பிழை விட்டிருந்தோம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தளத்தில் பதியும் படிவத்தில், சாதாரண தரம் எழுதிய வருடம் என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். அதை நிரப்பாவிட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஒருநாள் எங்கள் மோட்டார் சைக்கிள்களைத் திருத்தும் நானா, மகனின் போனை நீட்டிக் கேட்டார்:

"சேர், நான் ஓ.எல். எடுக்கல்ல. எட்டோட நின்டுட்டன். இதுல என்ட பேரப் போட இடமில்லையே. அப்ப நான் இந்த ஸ்கூல்ல படிக்கல்லயா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கையிலிருந்த ஒயிலைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். எங்களுக்குத்தான் பதில் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் வகுப்பறைகளில் நின்ற சேற்றை மண்வெட்டியால் அள்ளிப் போட்ட முதல் கூட்டத்தில் அவரும் இருந்தவர்.

அன்றிரவு தளத்தைத் திறந்து பார்த்தோம். டாக்டர்கள் பக்கம், பொறியியலாளர்கள் பக்கம், அதிபர்கள் பக்கம் எல்லாம் இருந்தன. பெயர்ப் பட்டியலைப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்தே எடுத்திருந்தோம். பிறகு சேர்வு இடாப்பை எடுத்து ஒப்பிட்டோம். 1989 இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களே 1999 இல் சாதாரண தரத்துக்குத் தோற்றியிருந்தார்கள். மற்றவர்கள் எங்கே? 1990 இன் கலவரத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர்கள், வாப்பாவோடு கடலுக்கும் வயலுக்கும் போனவர்கள், பெரிய பிள்ளையானதும் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள். 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதியே 1998 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அது 16 வயதாக உயர்ந்தது 2016 இல். அதற்கு முன் ஒரு பிள்ளை நின்றுபோனால் ஏன் என்று தேடிப்போகச் சட்டமும் இருக்கவில்லை, பல வேளை ஆளும் இருக்கவில்லை.

ஆசிரியர்களாகிய நாங்களே அவர்களை இரண்டாவது தடவையாகப் பெயர் வெட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் விளங்கியது.

படிவத்தை மாற்றினோம். இப்போது கேட்பது ஒன்றுதான்: முதன்முதலில் எந்த வருடம் எமது பாடசாலையில் சேர்ந்தீர்கள்? பட்டியலும் சேர்விலக்கப்படியே வருகிறது. வைத்திய நிபுணரின் பெயரும் நானாவின் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன, ஏனென்றால் அவர்கள் அடுத்தடுத்துச் சேர்ந்தவர்கள்.

இந்த மாற்றத்தைச் செய்யும்போது 2000 ஆம் ஆண்டின் இடாப்புக்கு வந்தோம். அந்த வருடம் சேர்ந்தவர்கள் 2004 இல் ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் எழுதிய வகுப்பு. இடாப்பில் விலகிய திகதி என்ற நிரலில் சில பெயர்களுக்கு நேரே 26.12.2004 என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. காரணம் என்ற நிரலில் ஒரே சொல். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம். அந்த எண்ணிக்கையை வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறோம். பெயர் பெயராகத் தட்டச்சுச் செய்யும்போது கை ஓடவில்லை. பெற்றோர் மனம் நோகும் என்று நினைத்து அந்தப் பெயர்களை விட்டுவிட்டோம்.

ஒரு உம்மா பாடசாலைக்கே வந்தார். மருமகன் போனில் பட்டியலைக் காட்டியிருக்கிறார். "மகள்ட கூட்டாளிமார்ர பேரெல்லாம் இரிக்கி. அவள்ட மட்டும் இல்ல" என்றார். நாங்கள் விட்டதன் காரணத்தைச் சொன்னோம். தனிப்பக்கம் ஒன்று அமைத்துத் தருகிறோம் என்றும் சொன்னோம்.

"தனியா வேணாம் மகன். மத்தப் புள்ளைகளோட ஒண்டாப் போடுங்க. அவள் அந்த வகுப்புலதானே இருந்தவள்."

அப்படியே போட்டோம். அடையாளம் எதுவும் இல்லை. சேர்விலக்கம், பெயர், வருடம். விட்டுவைத்திருந்த மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்க் கேட்டு, அவர்களின் பெயர்களையும் அவற்றுக்குரிய இடங்களில் சேர்த்தோம்.

இப்போது உங்களிடம் கேட்பது காசு அல்ல. சுனாமித் தண்ணீர் அலுவலகத்துக்குள் வந்தபோது அலுமாரியின் மேல்தட்டில் இருந்த இடாப்புகள் தப்பின. கீழ்த்தட்டில் இருந்தவை ஊறி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. எழுபதுகளில் சேர்ந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அவற்றில்தான். அந்தக் காலத்தில் படித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களோடு முதலாம் வகுப்பில் இருந்தது யார் யார்? முன்வாங்கில் யார், பின்வாங்கில் யார்? இடையில் நின்றது யார்? பழைய விடுகைப் பத்திரம் இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துத் தாருங்கள். அதில் சேர்விலக்கம் இருக்கும். ஒரு இலக்கம் கிடைத்தாலே முன்னும் பின்னும் நாலு பேரைக் கண்டுபிடிக்கலாம்.

படித்து முடித்தவர்கள் தங்களைத் தாங்களே பதிந்துகொள்வார்கள். நின்றுபோனவர்களை நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். ஊரில் பாடசாலை நேரம் போக எப்போதும் எங்களைப் பிடிக்கலாம். நானாவின் கராஜிலும் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். அங்கேயும் எழுதிவிட்டுப் போகலாம்.