கற்றுக்கொடுத்தவர் பெயர்

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். மூன்று வருடத்தில் பி.பி.ஏ. பட்டம், அதன்பின் நிரந்தர வேலை. அரூர் பக்கத்துக் கிராமத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் நின்ற பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் அவனை ‘பிசினஸ் டிரெய்னி’ என்று சேர்த்துக்கொண்டது. தொலைநிலைக் கல்வியில் பெயரைப் பதிந்து, கட்டணத்தை மாதாமாதம் அவன் உதவித்தொகையிலிருந்தே பிடித்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலைச் சரிபார்க்க வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை.

மூன்றாண்டு முடிந்ததும், பயிற்சிக் காலம் நிறைவுற்றது, நாளை முதல் வரவேண்டாம் என்று ஒரு கடிதம். அதை எடுத்துக்கொண்டு அம்மாவும் மகனும் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவன் முதலில் கேட்டது வேலையை அல்ல. “சார், மார்க் ஷீட் மட்டும் வாங்கிக் கொடுங்க. ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு, எழுதிடணும்” என்றான். அம்மா குறுக்கிட்டார்: “டிகிரி வாங்கித் தர்றோம்னு சொன்னாங்கய்யா. அதை நம்பித்தானே அனுப்பினேன்.”

மதிப்பெண் பட்டியல், தொழிலாளர் அலுவலர் முன் நடந்த சமரசப் பேச்சிலேயே கைக்கு வந்துவிட்டது. மாணவரின் சான்றிதழைப் பாக்கிக்கு ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் தெளிவாக்கியிருக்கிறது. தொழிலாளர் அலுவலர் அதை எடுத்துச் சொன்னதும் நிறுவனம் மறுக்கவில்லை. வேலை விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனோம்.

அங்கே என் முன்னால் நின்றது 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். அதன் 18-ஆவது பிரிவின்படி பழகுநர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி ஆகமாட்டார். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொழிலும் கைச்செலவுக்குப் பணமும் சேர்ந்து கிடைக்க இதைவிட நேரான பாதை கிடையாது. ஆனால் சட்டம் முதலாளிக்கு அந்த விலக்கைச் சும்மா கொடுக்கவில்லை. ஒப்பந்தம் எழுதிப் பழகுநர் ஆலோசகரிடம் பதிவு செய்யவேண்டும். தகுதியுள்ள ஒருவர் பொறுப்பில் பயிற்சி நடக்கவேண்டும். ஆலோசகரின் அனுமதியில்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது.

நிறுவனம் எதிருரையில் பழகுநர் சட்டத்தைச் சொன்னது. பதிவான ஒப்பந்தத்தைக் கேட்டபோது கொடுக்கவில்லை. அதை வைத்தே வென்றுவிடலாம் என்று என் ஜூனியருக்கு உற்சாகம். அவசரப்படாதே தம்பி என்றேன். உத்தரப்பிரதேச மின்வாரியத்துக்கும் சிவ் மோகன் சிங்குக்கும் நடந்த வழக்கில் 2004-இல் உச்சநீதிமன்றம், ஒப்பந்தம் பதிவாகவில்லை என்ற ஒன்றுக்காகப் பழகுநர் தொழிலாளியாகிவிடமாட்டார் என்று சொல்லியிருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் எடுத்து நீட்டுவார் என்று தெரியும், நீட்டினார்.

எனக்குத் துணையாக இருந்தது, அதற்கு முந்தைய ஆண்டு வந்த டிரம்பக் ரப்பர் தீர்ப்பு. நாசிக் தொழிற்சங்கம் நடத்திய வழக்கு அது. டிரெய்னி என்று பெயர் வைத்துக்கொண்டு உற்பத்தி முழுவதையும் அவர்களைக் கொண்டே நடத்தினால், அவர்கள் தொழிலாளர்களே என்றது உச்சநீதிமன்றம். ஆக, பதிவுப் புத்தகத்தை விட்டுவிட்டு, அந்த மூன்று வருடம் இந்தப் பையனுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை நிரூபிக்கவேண்டும். ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி மனு போட்டேன்.

வந்த ஆவணக் கட்டில் வருகைப் பதிவு அச்சும் இருந்தது. அவனுடைய ஹால் டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அரியர் விழுந்த இரண்டு தாள்களும் நடந்த தேதிகளில் காலை எட்டரைக்குக் கைரேகை வைத்திருக்கிறான். இரவு ஒன்பதைத் தாண்டி வெளியே போயிருக்கிறான். அந்த வாரம் கண்டெய்னர் கிளம்பவேண்டும், லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். எழுதாமல் போன தாள்களில் ஒன்று செலவுக் கணக்கியல். அவன் தினமும் செய்த வேலையே அதுதான்: வெளிநாட்டு பையரின் டெக் பேக்கைப் பார்த்து, நூல், நிட்டிங், டையிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு காஸ்டிங் ஷீட் தயாரிப்பது. அதோடு சாம்பிள் ஃபாலோ அப், ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு டெலிவரி சலான் போடுவது. அவன் போட்ட ஷீட்டை நம்பித்தான் நிறுவனம் பையருக்கு விலை சொல்லியிருக்கிறது.

எச்.ஆர். மேலாளர் கூண்டில் ஏறினார். பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்டேன்.

“சீனியர்கள்.”

“பெயர் சொல்லுங்கள்.”

“ஞாபகம் இல்லை.”

“பாடத்திட்டம்?”

“எழுத்தில் இல்லை. வேலையைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.”

அந்தக் கட்டிலேயே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுகப் படிவங்களும் கலந்து வந்திருந்தன. நான்கு தாள்கள். கடைசிக் கட்டத்தில் ‘கற்றுக்கொடுத்தவர்’ என்று ஒரு தலைப்பு. நான்கிலும் என் கட்சிக்காரர் பெயர், பக்கத்தில் அவன் கையெழுத்து. தேதி, அவன் சேர்ந்த இரண்டாம் வருடம். கீழே மேலாளரின் சொந்தக் கையொப்பம். காட்டினேன். அது தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். நீதிபதி அந்த நான்கையும் வாங்கி நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சான்றாவணமாகக் குறிக்கச் சொன்னார். அதற்கு மேல் மேலாளரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அவன் தொழில் தகராறுகள் சட்டப்படி தொழிலாளி. 240 நாளுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவனை 25எஃப் பிரிவின்படி முன்னறிவிப்பும் இழப்பீடும் இல்லாமல் நிறுத்தியது செல்லாது. பணித் தொடர்ச்சியோடு வேலையும் பாதிப் பின்சம்பளமும் கொடுக்கவேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, பழகுநர் சட்டத்தின் கீழ் வருகிற பழகுநரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைக்கிறது. அதனால் இப்படி ஒரு வழக்கில், பயிற்சி உண்மையிலேயே நடந்ததா என்ற கேள்வியை இனி இன்னும் அழுத்தமாகக் கேட்கவேண்டியிருக்கும்.

நிறுவனம் உயர்நீதிமன்றம் போனது. ரிட் மனு நிலுவையில் இருக்கும்போது, தொழில் தகராறுகள் சட்டத்தின் 17பி பிரிவின்படி கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கேட்க அப்போது வழியிருந்தது. அதற்கு, வேறெங்கும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கவேண்டியிருந்தது. அவன் அதற்குள் ஒரு டையிங் ஆலையின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தான். நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்: “வேலையில இருக்கேன் சார். பொய் எழுத வேண்டாம்.” அந்தப் பணத்தை நாங்கள் கேட்கவில்லை.

கடைசியில் சமரசம். திரும்ப அங்கே போக அவனுக்கு மனமில்லை. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளச் சம்மதித்தான். தொகையில் விட்டுக்கொடுத்தவன் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றான். அனுபவச் சான்றிதழில் மூன்று வருடத்துக்கும் மெர்ச்சண்டைசிங் உதவியாளர் என்று இருக்கவேண்டும், டிரெய்னி என்று வரக் கூடாது. அடுத்த வேலைக்குப் போகும்போது அந்த மூன்று வருடமும் அனுபவமாகக் கணக்கில் ஏறவேண்டும் அல்லவா? எதிர்த்தரப்பு முதலில் மறுத்து, பிறகு ஒத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் அந்த வாசகத்தை நானே எழுதிச் சேர்த்தேன். அடுத்த பருவத் தேர்வில் இரண்டு தாள்களையும் எழுதி முடித்தான்.