தங்கக் கோப்பையில் விஷம்

கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, தூதுவளை... எல்லாம் ஒரே குடும்பம். ஊமத்தையும் இதே குடும்பம்தான்! இந்தக் குடும்பத்தில் அழகுக்காகவே வளர்க்கப்படும் ஒரு கொடி இருக்கிறது. பெயர் சொலாண்ட்ரா மேக்சிமா. சொந்த ஊர் மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும்.

பூ கிட்டத்தட்ட 20 செ.மீ. நீளம் இருக்கும். வெளிர் மஞ்சளில் விரிந்து பொன்னிறமாக மாறும். உள்ளே ஐந்து ஊதாக் கோடுகள். ஸ்பானிய மொழியில் இதன் பெயருக்குத் 'தங்கக் கோப்பை' என்று பொருள். இரவில் தேங்காய் வாசனை போல மணக்கும். அந்த வாசனை வௌவால்களுக்கான அழைப்பு. மகரந்தச் சேர்க்கை செய்வது அவைதான்.

சொலாண்ட்ரா என்ற பெயர் டேனியல் சொலாண்டர் என்பவரின் நினைவாக வைக்கப்பட்டது. இவர் லின்னேயஸின் மாணவர். 1768-ல் கேப்டன் குக்கின் கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்ட தாவரவியலாளர். அவர் 1782-ல் இறந்தார். 1787-ல் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் இந்தப் பேரினத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

ஆனால் மெக்சிகோவின் மேற்கு மலைகளில் வாழும் விசாரிக்கா பழங்குடியினர் சொலாண்ட்ரா செடிகளை வேறு பெயரில் அறிவார்கள்: கியெரி. அவர்களுக்கு அது சக்தி வாய்ந்த தெய்வம். காணிக்கை வைத்து, இசையிலும் கைவேலையிலும் திறமை வேண்டிக் கொள்வார்கள். நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் பைத்தியம் பிடிக்கும் என்ற பயமும் உண்டு.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஊமத்தையில் இருக்கும் அதே வகை ஆல்கலாய்டுகள்தான் இந்தக் கொடியிலும் இருக்கின்றன: அட்ரோபின், ஸ்கோபொலமின் போன்றவை. உள்ளே போனால் வாய் வறளும், கண்மணி விரியும், இதயம் படபடக்கும், உடல் கொதிக்கும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பேச்சு குழறும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். 'பைத்தியம் பிடிக்கும்' என்று அந்த மக்கள் சொன்னதும், மருத்துவர்கள் சொல்லும் அறிகுறிகளும் வெகுதூரத்தில் இல்லை!

கண் மருத்துவமனையில் கண்மணியை விரிக்கப் போடும் சொட்டு மருந்துகளில் ஒன்று அட்ரோபின். கடல் பயணத்தில் வரும் குமட்டலைத் தடுக்க ஸ்கோபொலமின் பயன்படுகிறது. அங்கே அளவு தெரியும். செடியில் எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கஷாயம் போட்டுப் பார்க்கும் விஷயமே இல்லை இது.

வீட்டில் வளர்ப்பவர்கள் இதற்காகக் கொடியை வெட்டி எறிய வேண்டியதில்லை. கிளை நறுக்கும்போது கையுறை போடலாம். சாறு பட்ட கையால் கண்ணைத் தொடக்கூடாது. சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் படர விடலாம். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். ஒரு துண்டுக் கொடியோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொடி கடல் கடந்து பல நாட்டுத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. தங்கக் கோப்பை என்ற செல்லப் பெயரும் கூடவே போனது. கியெரி என்ற பெயரும் அதிலிருந்த பயமும் மலையிலேயே தங்கிவிட்டன. செடி விற்பவர்கள் தொட்டியில் பெயர் எழுதும்போது, 'விஷம்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் போதும்.