கைக்கு ஒரு வேலை

மனத்தில் பூட்டி வைத்ததைச் சொல்ல வாயெடுப்பவர்களின் கைகளைத்தான் நான் பார்ப்பேன். மோதிரத்தைத் திருகும். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்க்கும். டீக்கடை மேசையில் சிந்திய தண்ணீரைக் கோடாக இழுக்கும். 1905இல் ஃபிராய்டு வெளியிட்ட டோராவின் கதையில், அந்தப் பெண் படுத்தபடி பேசிக்கொண்டே இடுப்பில் தொங்கும் சிறு பையைத் திறக்கிறாள், விரலை விடுகிறாள், மூடுகிறாள். வாய் மறைத்ததை விரல் உளறிவிட்டது என்பது அவர் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கை உளவு சொல்ல வரவில்லை, துணைக்கு வருகிறது.

பெரியம்மா ஒருமுறை முல்லை கட்டிக்கொண்டே, தனக்கு முதலில் பேசி நின்றுபோன கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். அரும்புகளை எதிரும் புதிருமாக வைப்பதும், வாழைநாரை வளைத்து இழுப்பதுமாக இருந்தாள். பார்வை பூவைவிட்டு எழவே இல்லை. அந்த மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லும் இடத்தில் நார் அறுந்தது. ஈரத்துணியிலிருந்து இன்னொரு நாரை உருவி, முடிந்துகொண்டு, பெயரைச் சொன்னாள். பூக்கூடை பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பெயர் என்னிடம் வந்திருக்காது.

குறிஞ்சிப்பாட்டை அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகப் படித்தேன். தலைவியின் களவுக் காதலைத் தோழி செவிலியிடம் சொல்ல வேண்டும். விஷயம் ஒரு வரிதான். கபிலர் 261 அடி எடுத்துக்கொள்கிறார். தினைப்புனத்தில் கிளி ஓட்டியதைச் சொல்கிறாள், அருவியில் ஆடியதைச் சொல்கிறாள், பாறையில் பூப் பறித்துக் குவித்ததைச் சொல்கிறாள். காந்தள், ஆம்பல், அனிச்சம் என்று ஒவ்வொன்றாய்ப் பெயர் வருகிறது, 99 பூக்கள். புலவரின் புலமைக்குச் சான்று என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கோ, சொல்ல நினைத்ததை அடைவதற்குள் அந்தப் பெண் பூ பூவாய்த் தொட்டுத் தைரியம் சேர்ப்பதாகத்தான் தெரிகிறது. தலைவன் இன்னும் வந்திருக்கவில்லையே! பூக்கள் முடிந்த பிறகுதான் வருகிறான், அவனோடு நாய்கள், பிறகு மதயானை. ஆற்றங்கரை வாழைபோலத் தலைவி நடுங்கியதையும், அவன் அவள் நெற்றியை நீவியதையும், தன் முகம் பார்த்துச் சிரித்ததையும் தோழி சொல்லி முடிக்கும்போது, மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

செவிலி பாட்டு முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் கையில் அப்போது என்ன வேலை இருந்தது என்று கபிலரைக் கேட்க ஆசை. தினை புடைத்துக்கொண்டிருந்தாள் என்றே நினைக்கிறேன். வெறுங்கையோடு எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்திருந்தால், தோழி அந்த நாய்கள் வரும் இடத்தைத் தாண்டியிருக்க மாட்டாள்.