அறுபதில் ஒரு தயக்கம்

விக்கிரவாண்டி டோல்கேட்டில் கட்டை மேலே எழுந்ததும் முதல் கியர், உடனே ரெண்டாவது. அங்கேதான் வண்டி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரில் கால் அழுத்தியபடி இருக்கும், வண்டி போகாது. ஒரு நொடி, சில நாள் ஒன்றரை நொடி. பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோலச் சடாரென்று இழுக்கும். நான் போகிறேனா நிற்கிறேனா என்று பின்னால் வரும் லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு நொடிக்குப் பயந்து எட்டு மாதம் ஓட்டினேன்.

2003-ல் அப்பா வாங்கிய கார் அது. வீடு திண்டிவனத்தில், மருந்துக்கடை விழுப்புரத்தில். காலையில் போய் ராத்திரி திரும்புவார், போக வர எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது டோல்கேட் கிடையாது, இரண்டு வழிச் சாலைதான். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனால் முண்டியம்பாக்கம் வரை அதன் பின்னாலேயே போகவேண்டியதுதான். காரின் முதுகில் எம்.பி.எஃப்.ஐ. என்று வெள்ளி எழுத்து ஒட்டியிருக்கும். 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகி, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த காலம். அந்த எழுத்தை அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் துணி போட்டுத் துடைப்பார்.

இந்தத் திணறலுக்கு மூன்று ஒர்க்‌ஷாப் ஏறினேன். ஒரு இடத்தில் பிளக் மாற்றினார்கள். அடுத்த இடத்தில் பெட்ரோல் ஃபில்டர், த்ராட்டில் பாடி கிளீனிங். மூன்றாவது இடத்தில் டேங்க்கை இறக்கிப் பம்ப்பையே மாற்றினார்கள். ஸ்கேனர் போட்டுப் பாருங்கள் என்று கேட்டால் இந்த வண்டியில் போடமுடியாது என்றார்கள். உண்மைதான். வண்டி தன் நோயைத் தானே சொல்லும் ஓ.பி.டி. ஏற்பாடு நம் நாட்டுக் கார்களுக்குக் கட்டாயமானது 2010-லிருந்துதான், முழு வடிவில் வந்தது 2013-ல். அதற்கு முந்திய பல வண்டிகளில் பொதுவான ஸ்கேனர் வேலை செய்யாது. இன்ஜின் லைட்டும் எரியவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பாகத்தைக் கழற்றினார்கள். யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு மனத்தாங்கல்.

பெட்ரோலில்தான் கோளாறு என்றவர்களும் உண்டு. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டியின் ரப்பர் ஓஸ்களுக்கும் சீல்களுக்கும் அது ஆகாது என்ற கவலை நியாயமானது, மைலேஜ் குறைவதும் உண்மை. ஆனால் பெட்ரோல் காரணமென்றால் எல்லா வேகத்திலும் வண்டி சோர்ந்திருக்க வேண்டும். என் வண்டி எண்பதில் வெண்ணெய்போலப் போகும்.

கடைசியில் திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கொட்டகைக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. அம்பாசடர் காலத்திலிருந்து வேலை பார்க்கிறவர். பானட்டைத் திறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "எப்போ திணறுது, சொல்லு தம்பி" என்றார்.

காலையிலா, வண்டி சூடான பிறகா? ரெண்டு வேளையும். நிற்கும்போது ஐடில் ஏறி இறங்குதா? இல்லை. ஏ.சி. போட்டாலா? வித்தியாசமில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது முழுசா மிதிச்சா? அப்போது நன்றாகவே ஏறுகிறது. "மெதுவா மிதிச்சாலா, சடக்குனு மிதிச்சாலா?" மெதுவாக மிதித்தால்தான் என்று சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. இத்தனை மாதம் ஓட்டியும் அதை நான் கவனித்திருக்கவில்லை.

அவர் விரல் விட்டு ஒவ்வொன்றாகக் கழித்தார். சூடு பார்க்கிற சென்சார் போயிருந்தால் காலையில் ஒரு மாதிரி, சூடானபின் வேறு மாதிரி ஓடும். ஓஸ் விரிசல் விட்டு ஏர் இழுத்தால் முதலில் ஐடில்தான் ஆடும். பம்ப் வீக்காக இருந்தால் ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போது படுத்துவிடும். "உன் வண்டி அதுலதான் நல்லா ஏறுதே. பம்ப்ப எதுக்குப்பா மாத்துனாங்க?"

பிறகு கார்புரேட்டரை வைத்து விளக்கினார். மிதித்தவுடன் காற்று பாய்ந்து உள்ளே போய்விடும். பெட்ரோல் காற்றைவிடக் கனம், அதன் கூடவே ஓடாது. வழியில் குழாய்ச் சுவரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை நிரப்பத்தான் கார்புரேட்டரில் ஒரு குட்டிப் பம்ப் இருக்கும், மிதிக்கும்போது கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த வேலையை கம்ப்யூட்டர் செய்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு வேகமாக அழுத்துகிறது என்று அதற்குச் சொல்வது த்ராட்டில் பொசிஷன் சென்சார். டி.பி.எஸ். என்பார்கள். அது பொய் சொன்னால் கம்ப்யூட்டர் அந்தப் பொய்யின்படிதான் பெட்ரோல் விடும்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தார். டிஜிட்டல் இல்லை, முள் மீட்டர். சென்சாருக்கு மூன்று ஒயர்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், நடுவில் ஒன்று கம்ப்யூட்டருக்குப் போகிற செய்தி. நடு ஒயரின் பின்பக்கம் குண்டூசியைச் செருகி மீட்டரைக் கோத்தார். சாவியை மட்டும் போடச் சொன்னார், ஸ்டார்ட் பண்ணவில்லை. முள் அரை வோல்ட்டைத் தாண்டி நின்றது. த்ராட்டிலை விரலால் மிக மெதுவாகத் திருப்பினார். முள் ஊர்ந்து ஏறியது. ஒன்று. ஒன்றுக்கு மேல் கொஞ்சம். அங்கே சட்டென்று விழுந்து, துடித்து, மறுபடி எழுந்து, நாலு வோல்ட்டுக்கு மேல் வரை ஒழுங்காகப் போனது. திரும்ப இறக்கினார். அதே இடத்தில் அதே துடிப்பு. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் டோல்கேட்டில் என்னைப் பதறவைத்த அந்த நொடி, நகக்கண் அகலத்தில் என் கண்முன் நின்றது.

"டிஜிட்டல்ல பார்த்தா நம்பர் மாறி முடிக்கறதுக்குள்ள இது போயிடும் தம்பி. முள்ளுக்குத்தான் மறைக்கத் தெரியாது" என்றார். கண்ணிமைக்கும் நேரமே விழுவதால் அந்தக் காலத்து கம்ப்யூட்டர் அதைக் கோளாறாகக் கணக்கில் எடுக்காது, லைட்டும் எரியாது. சடக்கென்று மிதித்தால் அந்தப் பள்ளத்தை ஒரே தாவலில் கடந்துவிடும். மெதுவாக மிதித்தால் கம்ப்யூட்டர் நாம் காலை எடுத்துவிட்டோம் என்று நினைத்து பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது.

புது சென்சார் வர மூன்று நாள் ஆனது. மாட்டி, ஸ்க்ரூவை இறுக்குமுன் மறுபடி மீட்டர் வைத்து, மூடிய நிலையில் எவ்வளவு இருக்கவேண்டுமோ அந்த அளவுக்கு நகர்த்தி வைத்தார். பழையதைக் குப்பையில் போடவில்லை. ஆக்சா பிளேடால் மூடியை அறுத்துத் திறந்தார். உள்ளே பிறை வடிவத்தில் கறுப்பான கார்பன் பட்டை. அதன்மேல் ஒரு சின்ன உலோக விரல், காலுக்கேற்ப நகர்வது. பட்டை முழுக்க மை பூசியதுபோல இருந்தது, ஒரு இடத்தைத் தவிர. ஆரம்பத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கார்பன் தேய்ந்து, அடியில் இருக்கும் வெளிறிய தகடு தெரிந்தது.

"அப்பா எவ்ளோ ஸ்பீடுல ஓட்டுவாரு?"

"அறுபதுண்ணே. அதுக்கு மேல போகமாட்டாரு. கீழயும் வரமாட்டாரு."

அவர் தலையாட்டி, தேய்ந்த இடத்தின்மேல் விரலை வைத்தார். "அறுபதுல போனா கால் இங்கதான் நிக்கும்."

அந்த வாரமே விழுப்புரம் போய்விட்டுத் திரும்பினேன். விக்கிரவாண்டியில் கட்டை எழுந்தது. முதல் கியர், ரெண்டாவது, வேண்டுமென்றே மெதுவாக மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இடது ஓரத்துக்கு வந்து, அறுபதில் காலை நிறுத்தினேன். பஸ்ஸும் லாரியும் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. திண்டிவனம் வரை முள் அறுபதிலேயே நின்றது.